ஹெர்லிண்டாவின் சாலை மறியல்

தொத்தோனிகாபான் என்கிற மலையூரின் சந்தையில் சோளக்கஞ்சி விற்கும் ஹெர்லிண்டாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊரே அவளைத் தேற்றக் கிளம்பிவிட்டது. முகம் வெளிறினால் போதும், வைட்டமின் ஊசியோ டானிக்கோ உள்ளே போயாக வேண்டும். காய்ச்சலுக்கும் அதுதான், காதல் தோல்விக்கும் அதுதான். வேண்டாம் என்பவர்கள் அன்பையே உதறியவர்கள்.

அவளும் முதலில் மறுக்கவில்லை. புருஷனின் அக்கா தொமாசா வாங்கித் தந்த சிவப்பு டானிக்கை மடக் மடக்கென்று குடித்தாள். தலைநகர ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓவாயே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முகம் சுளித்து, வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புற்றணு பெருக வேண்டுமானால் புது டிஎன்ஏ கட்டியாக வேண்டும். அதற்கு நியூக்ளியோடைடு என்கிற செங்கல் வேண்டும். செங்கல் சூளைக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். நோயை அடக்கி வைக்க ஆஸ்பத்திரியில் தந்திருக்கும் மாத்திரை அந்த வழியைத்தான் அடைக்கிறது. டானிக்கிலோ அதே அமிலம்! நோய் மறுபடி தலைதூக்கினால் பிழைப்பது கஷ்டம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடியிருந்தபோது தொமாசா புதுப் புட்டியோடு வந்தாள். ஹெர்லிண்டா கரண்டியைத் தட்டிவிட்டாள்.

"என்னடி, விஷமா குடுக்கறேன்?"

"எனக்கில்ல அண்ணி, என் நோய்க்குச் சோறு போடுறீங்க. நாற்சந்தியில ஊரே மறியல் பண்ணினப்ப லாரிக்கு முன்னால படுத்தது யாரு? நீங்கதானே? டிரைவர் மேல ஏத்திடுவேன்னான், அப்பவும் நகரல. என் மாத்திரையும் மறியல்தான் பண்ணுது. நீங்க கொல்லைப்பக்கமா லாரியை விடுறீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். தொமாசாவுக்கு அதுதான் தாளவில்லை. இனி ஆஸ்பத்திரிக்குத் துணை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"வராட்டிப் போங்க. தனியாப் போய், தனியாத் திரும்பி வருவேன். பாத்துக்கிட்டே இருங்க."

அடுத்த பரிசோதனை நாளில் ஹெர்லிண்டா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தானே பஸ் ஏறினாள். கண்டக்டர் நீட்டிய கையை அவள் தொடவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் தொமாசா மூச்சிரைக்க ஏறி, அவளைப் பார்க்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த இலைப்பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சோளமாவும் கோழியும்தான். டானிக் ஊத்தல."

ஹெர்லிண்டா முகர்ந்து பார்த்தாள்.

"பத்தலன்னா இன்னொரு தடவ மோந்துக்கோ."

இன்னொரு தடவையும் முகர்ந்துவிட்டுத்தான் பிட்டு வாயில் போட்டாள்.