லேகியம் மட்டும் போய்ச் சேர்ந்தது

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவம். அம்மா இல்லாதவளை நான்தான் வளர்த்தேன். ஆனால், திரும்பி வருவேன் என்பதற்குச் சான்று போதாது என்று எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். பென்னாகரத்துச் சாப்பாட்டுக் கடையையும் புருஷன் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நான் எங்கே போய்விடுவேன்?

அந்த வாரமே, ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்குச் சாப்பிட வந்தாள். தங்கை இருக்கும் அதே நாட்டுக்காரி. எனக்கு வயிறு எரிந்தது.

கூட வந்த டிரைவரிடம், "திரும்பிப் போவீங்களான்னு இவங்கள யாராச்சும் கேட்டாங்களான்னு கேளுங்கண்ணா" என்றேன்.

"வூட்ல உக்காந்தே ஃபோன்ல விசா வாங்கிட்டாங்களாம். யாரும் கேக்கலீங்களாம். ஏன்னு கேக்கறாங்க."

சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. டிரைவரிடம் ஏதோ சொன்னாள்.

"அடுத்த வாரம் ஊருக்குப் போறாங்களாம். தங்கச்சிக்கு எதாச்சும் குடுத்தனுப்பறீங்களா?"

கொண்டுபோகவென்று கிளறி வைத்திருந்த பிரசவ லேகியத்தை, விலாசத்தோடு கொடுத்தேன்.

சொன்னபடியே நேரில் போய்க் கொடுத்திருக்கிறாள். தங்கை அனுப்பிய படத்தில், பச்சைக் குழந்தை அந்த வெள்ளைக்காரியின் மடியில் தூங்குகிறது.

நல்லவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், விரலால் பெரிதாக்கி அவள் முகத்தை வெளியே தள்ளிவிடுகிறேன். குழந்தையைத் தாங்கியிருக்கும் அந்தக் கைகளைத்தான் என்ன செய்தும் தள்ள முடியவில்லை.