நீல நூலில் கட்டிய எலுமிச்சை

அந்த அம்மாவின் கதவில் எலுமிச்சம்பழம் தொங்கியதை ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பி, வாசலில் குனிந்து ஷூ கட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிர்வீட்டுக் கதவில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. மஞ்சள் பழம், கோழிமுட்டையை விடப் பெரியது. அதற்கு மேலும் கீழும் இந்த ஊர்த் தடித்த பச்சை மிளகாய். நாம் கறுப்பு நூலில் கட்டுவோம், இல்லாவிட்டால் கம்பியில் கோர்ப்போம். அவர் ஸ்வெட்டர் பின்னுகிற நீலக் கம்பளி நூலில் கட்டியிருந்தார். கரித்துண்டு இல்லை. முடிச்சு கோணல். என் வீட்டு ஜன்னலில் தொங்குவதைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார் என்று புரிந்தது. நான் நின்று பார்க்கும்போதே கதவு திறந்தது. "சரியா கட்டியிருக்கேனா, டிரைவர்?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படியில் இறங்கிப் போய்விட்டேன்.

அவர் பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கினபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கம். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. கிளீனராக ஏறி, டிரைவராகி, பாதி வயது லாரியிலேயே போனது. அக்கா கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவர். எனக்காக அவர் எழுதிப் போட்ட கிரீன் கார்டு வருவதற்குள் என் மீசை நரைத்துவிட்டது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, பார்சிப்பனியில் அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தோம். ஜெர்சி சிட்டியில் ஒரு மொத்த மளிகைக் கிடங்குக்கு வேன் ஓட்டுகிறேன். அரிசி, பருப்பு, புளி ஏற்றி இறக்குகிற வேலை. அப்போதுதான் குறைந்த வாடகை வீடு ஒன்று குலுக்கலில் விழுந்தது. புதுக் கட்டடம், இரண்டாவது மாடி, மகளுக்குத் தனி அறை. பக்கத்திலேயே பழைய இடுகாடு.

அக்காவுக்குச் சொன்னதும் போனில் கத்தினார். "சுடுகாட்டுப் பக்கத்துலயாடா குடி போறே? பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு?"

"சுடுகாடு இல்லக்கா. பொதைக்கிற இடம். ரொம்பப் பழசு."

"அது இன்னும் மோசம்டா. எரிச்சிருந்தாலாவது போயிருக்கும்."

பால் காய்ச்சிய அன்றைக்கு அக்கா வந்தார். ஒரு வாய் காபி குடிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்ததாக மனைவியிடம் போனில் சொன்னார். மனைவி அப்புறம் இடுகாட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. "பழம் கட்டுங்க, அப்பறந்தான் தொறப்பனுங்க" என்றாள். லாரி முன்னால் வாராவாரம் கட்டின கை என்னுடையது. ஸ்பானிஷ் கடையில் நம் ஊர் மாதிரிச் சின்னப் பழம் கிடைக்கும். அதே கடை வாசலில் கறி சுடுகிற கரியை மூட்டையாக விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஜன்னல் சட்டத்தில் புதுசு கட்டினேன். எதற்கு என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது? கீழே படுத்திருப்பவர்கள் மேலே வரக்கூடாது. அதற்குத்தான்.

எதிர்வீட்டு அம்மா கறுப்பர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். குடிவந்த புதிதில் நான் வேனை ரிவர்ஸ் எடுத்து ஒரே வீச்சில் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "லாரியா?" என்றார். "லாரி" என்றேன். தன் நெஞ்சைத் தொட்டு, "பஸ்" என்றார். அவ்வளவுதான் அறிமுகம். அதிலிருந்து நான் அவருக்கு டிரைவர். எனக்கு மேடம் என்று வாயில் வராது, அம்மா என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதும், "எனக்கு ஏற்கெனவே நாலு. இது வேற ஒண்ணா, மீசையோட?" என்று சிரித்தாராம். எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. பிரேக் பற்றிப் பேசுவோம். டயர் பற்றிப் பேசுவோம். பனியில் எந்த ரோடு வழுக்கும் என்று சொல்வார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கும் போதும் போலத்தான் இருந்தது.

அந்த நிலத்தின் கதையை அவர்தான் சொன்னார். அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ஜனங்களைப் புதைத்த இடம். விடுதலை கிடைத்த பிறகு அவர்கள் பிள்ளைகளையும் அங்கேதான் புதைத்தார்கள், வெள்ளைக்காரர் கல்லறையில் இடம் கொடுக்காததால். அந்த அம்மாவின் அப்பா வழி ஆட்களும் அதில் இருக்கிறார்கள். பிற்காலத்தில் மேலே மண்ணைக் கொட்டித் தார் போட்டு, வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். கட்டடம் கட்டத் தோண்டியபோது எலும்பு வந்தது. வேலை நின்றது. அந்த அம்மாவும் இன்னும் சிலரும் வருஷக்கணக்காக டவுன் ஹாலுக்குப் போய்ப் பேசினார்கள். எலும்பு இருக்கிற பாதியைத் தொடக்கூடாது, அங்கே நினைவுக்கல் வைக்கவேண்டும். மிச்சப் பாதியில் கட்டுகிற வீடு வசதி இல்லாதவர்களுக்குப் போகவேண்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்கினார்கள். நான் படுத்துத் தூங்குகிற வீடு அவர்கள் கேட்டு வாங்கியது. இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த வெள்ளிக்கிழமை பழம் கட்டினேன்.

கல் திறக்கிற நாளுக்கு அந்த அம்மா நேரில் வந்து கூப்பிட்டார். "வரணும், டிரைவர்." வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை. போனால் தீட்டு, வந்து எல்லாரும் தலைக்குக் குளிக்க வேண்டும், மகளுக்குச் சளி என்று மனைவி சொன்னாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். வெள்ளை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மேளம் மெதுவாக அடித்தார்கள். ஒரு பெரியவர் செம்பு மாதிரி ஒன்றிலிருந்து தண்ணீரை மண்ணில் ஊற்றி ஊற்றிப் பெயர் சொன்னார். தெரிந்த பெயர்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு பெயர் சொல்லாமல் ஊற்றினார். வெகுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார். நம் வீட்டிலும் செத்தவர்களுக்குத் தண்ணீர் விடுவோம். எள்ளு மட்டும்தான் இல்லை. ஆனாலும் திரையை விலக்கவில்லை.

கூட்டம் கலைகிறபோது ஓர் உயரமான ஆள் எங்கள் ஜன்னலைக் கைகாட்டினார். இன்னும் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஆளின் முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த அம்மா போய் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் மறுபடி மேலே பார்த்தார். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நம்மளையா கும்படறாங்க?" என்றாள் மனைவி.

"பழத்த" என்றேன். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அந்த அம்மாவின் கதவில் நீல நூல். அவர் வீட்டு ஜன்னல்கள் தெருப்பக்கம், அதனால் கதவில் கட்டியிருந்தார். பிறகு அதே வராந்தாவில் இன்னும் இரண்டு கதவுகளில் தொங்கியது. லிஃப்ட்டில் ஏறினால், முன்பு முகம் பார்க்காதவர்கள் தலைசாய்த்து வணக்கம் சொன்னார்கள். மகள்தான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். இந்தியாவில் செத்தவர்களுக்கு மரியாதையாக இப்படிக் கட்டுவார்கள் என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாராம். சொல்லிவிட்டு மகள் என்னை முறைத்தாள். "அப்பா, யூ ஹேவ் டு டெல் ஹர்."

"சொல்றேன் கண்ணு."

"வென்?"

செக்போஸ்ட், போலீஸ், குடித்துவிட்டு மறிக்கிறவன், யார் முன்னாலும் நான் கண்ணைத் தாழ்த்தினதில்லை. இப்போது சொந்த வராந்தாவில் தரையைப் பார்த்து நடந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை கொடுக்கிறார்களே, அதைத் தாங்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பழம் மாற்றாமல் விட்டேன். தானாகக் காய்ந்து உதிர்ந்து போகட்டும், பேச்சில்லாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா வந்து கதவைத் தட்டினார். "பழம் காஞ்சு போச்சே, டிரைவர். மறந்துட்டியா?" மனைவி உள்ளேயிருந்து பழம் எடுத்துக்கொடுத்தாள். அவர் நின்று பார்க்கப் பார்க்கக் கட்டினேன்.

பனி பெய்த ஒரு காலையில் இரண்டு பேரும் அவரவர் வண்டியைச் சுற்றிப் பனி வாரிக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். என் இங்கிலீஷில் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் சொன்னேன். "அம்மா, அந்தப் பழம் மரியாதைக்கு இல்ல. அவங்க வரக்கூடாதுன்னு. பயம்."

அவர் வாருவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"எங்க அம்மா வழி ஆளுங்க தெற்கே. அங்க கதவுக்கும் ஜன்னலுக்கும் நீல பெயின்ட் அடிப்பாங்க. எதுக்குன்னு நெனக்கிற? இதே வேலைக்குத்தான். நீ கட்டின மொத நாளே கீழ நின்னு பார்த்தேன். இவனும் நம்மள மாதிரிப் பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சுக்கிட்டேன்."

"அப்பறம் ஏன் எல்லார்ட்டயும்..."

"அன்னிக்கு ஒருத்தர் கைகாட்டினாரே, பார்த்திருப்ப. திரைக்குப் பின்னாடிதான நின்ன. நம்ம ஜனங்களுக்கு எதிரா ஏதோ கட்டியிருக்கான், ஆபீஸ்ல சொல்லிக் கழட்ட வைக்கிறேன்னார். நான் மரியாதைன்னு சொல்லிட்டேன். சொன்னா மட்டும் போதுமா? அதான் என் கதவுலயும் கட்டினேன்."

எனக்கு முகம் எரிந்தது, அந்தக் குளிரில். எனக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் மண்வாரியால் கல் இருக்கிற பக்கம் காட்டினார்.

"அங்கதான் பஸ் ஷெட் இருந்துது. என் பஸ்ஸ அந்த மூலைலதான் நிறுத்துவேன். காலைல எஞ்சின் சூடாகுற வரைக்கும் காபி குடிச்சுட்டு நிப்பேன். அந்த பஸ்ஸுல ஆயில் சொட்டும். எத்தன தடவ எழுதிக் குடுத்தும் பாக்கல. வருஷக்கணக்கா சொட்டுச்சு. யார் மேல சொட்டுச்சுன்னு எனக்கு அப்பத் தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீயாவது அங்க ஆளு இருக்குன்னு நம்புன."

கழற்றிவிடுகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "கழட்டாத. கழட்டினா நான் சொன்னது பொய்யாயிடும். எத்தன கதவுல தொங்குது பாரு." பிறகு என் வேனின் முன் கண்ணாடியில் இருந்த பனியையும் அவரே தட்டிவிட்டு, "போ, லேட்டாச்சு" என்றார்.

போன குளிர்காலத்தில் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. பழைய நிலத்தில் இனி யாரையும் புதைக்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஒரு கல்லறையில் வைத்தார்கள். நான் போனேன். மனைவியும் மகளும் வந்தார்கள். குழியில் ஒரு பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி வழக்கம்போல முதலில் என்னைக் குளிக்கச் சொல்லப் பார்த்தாள், சொல்லவில்லை. விரலில் மண்ணோடேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். வீட்டைக் காலி பண்ண வந்த அவர் மகன், கதவில் தொங்கியதை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். கூடவே மிச்சம் இருந்த நீல நூல் உருண்டையும். அம்மா கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கட்டுகிறேன், நீல நூலில். கரித்துண்டை விட்டுவிட்டேன். கட்டும்போது கீழே தண்ணீர் ஊற்றின இடத்தைப் பார்ப்பேன். பயம் அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இருட்டினதும் மனைவி அந்தப் பக்கத் திரையை இழுத்துவிடுகிறாள். நானும் சும்மா இருக்கிறேன். மரியாதை என்று அந்த அம்மா சொன்னது இன்னும் பாதிதான் உண்மை. அதை நினைத்தால் அன்றைக்கு எரிந்த மாதிரியே முகம் எரிகிறது.

எதிர்வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறார், சின்னப் பெண். கதவில் மிச்சம் இருக்கிற ஆணி எதற்கு என்று கேட்டார். கீழே இருக்கிறவர்களுக்கு மரியாதை, இங்கே முன்பு இருந்த அம்மா கட்டுவார் என்று சொன்னேன். மறுநாள் ஒரு பெரிய மஞ்சள் பழத்தோடு வந்து நின்றார். உருண்டையிலிருந்து ஒரு முழம் நூல் அறுத்துக் கொடுத்தேன். அவரே கட்டினார். முடிச்சு கோணல். "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன். அந்தச் சனிக்கிழமை மாதிரியே படி பக்கம் கால் திரும்பியது. போகவில்லை. அங்கேயே நின்றேன்.