இன்ஜின் இறக்கிய வண்டி

என் வண்டி புகை விடுகிற சேதியை முதலில் எனக்குச் சொன்னவன் பைக்கில் வந்த யாரோ ஒருவன். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, "யக்கா, கொசு மருந்தா அடிச்சுட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வண்டிக்குள் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மருந்த உன் வாயிலதான்டா அடிக்கணும்" என்றேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் அவன் சொன்னது நிஜம்தான். நீலமாகப் புகை, பின்னால் வருகிற பஸ்ஸே தெரியவில்லை.

நான் வில்லாபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சொந்த வண்டி. சின்ன வேன்தான், கார் இன்ஜின். அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் அதற்கு என்ன வந்தாலும் எனக்குத்தான் முதலில் சுடும். எங்கள் தெருப் பிள்ளைகளையும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் வீடு வீடாக இறக்கிவிடுவேன். என் வீட்டுக்காரர் துணிக்கடையில் நிற்கிறார். தீபாவளிக்குத்தான் அவர் கையில் நாலு காசு புரளும். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பிள்ளைகளால்தான்.

அவனியாபுரம் போகிற ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், ஆக்ஸிலேட்டரை மிதித்துப் புகையைப் பார்த்தார். "பிஸ்டன் ரிங்கு போயிருச்சுக்கா. ஆயில் குடிக்குது. பொம்பளையாளு ஓட்டுற வண்டியில இதான். கிளட்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டிருப்பீக."

"கிளட்சுக்கும் ரிங்குக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். அந்தப் பேச்சுக்குச் சொல்கிற ஆட்களை நான் வண்டி பழகின நாளிலிருந்து பார்த்து வருகிறேன்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, இன்ஜினை இறக்கி, சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு மறுபடி கட்டுவது. லேத்துக்காரன் எப்போது தருவான் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடுவது. "சனி ஞாயித்துல மாத்திருவேன்க்கா. திங்கக்கிழம நீங்க பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கலாம்." செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த இன்ஜினைக் காட்டச் சொன்னேன். கடைக்குப் பின்னால் ஒரு டயர்மேல் கிரீஸ் அப்பிக் கிடந்தது.

"எம்புட்டு ஓடுனது?"

"யாரு கண்டா? கேட்டா எல்லாரும் கொஞ்சந்தான் ஓடுச்சும்பான்."

"வண்டி என்ன ஆச்சு?"

"அடிபட்ட வண்டி. அதெல்லாம் எதுக்குக்கா கேக்குறீக, இன்ஜின் நல்லா இருக்குல்ல?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஒருத்தி மட்டும் போகிற வண்டி என்றால் எதையோ போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, எங்கே ஓடியது, எதில் மோதியது என்று தெரியாத ஒன்றை என் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டுக்காரர், "மாத்திட்டுப் போயேன். உள்ள என்ன கெடக்குன்னு யாரு தொறந்து பாக்கப்போறா?" என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள்தான். நான் இன்ஜினை இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவரைக்கும் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது? வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் திருப்பரங்குன்றத்தில் வாடகைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னுடையதைவிடப் பெரிய வண்டி, ஏசி உண்டு. கேட்டதும் வந்துவிட்டான். "நம்ம பிள்ளைக மதினி. நான் பாத்துக்கிறேன், நீங்க வண்டிய மட்டும் பாருங்க." முதல் நாள் நானே அவன் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வீடாகக் காட்டினேன். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எந்தப் பிள்ளையை ஜன்னலோரம் விடக்கூடாது என்பது வரை சொல்லிக்கொடுத்தேன். அம்மாமார்களிடம், "இன்ஜின் இறக்கியிருக்கு, முழுசா வேலை பாத்து எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளதைச் சொன்னேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவனைச் சேர்த்ததும் நான்தான்.

லேத்துக்காரன் என்னை அலைய விட்டான். முதலில் ஆள் வரவில்லை என்றார்கள், பிறகு பிஸ்டன் சைஸ் கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு கரண்ட் இல்லை. தினமும் போய் மெக்கானிக் கடை வாசலில் நிற்பேன். என் சீட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினை எடுத்த இடத்தில் வெறும் பள்ளம். சொன்ன வாரம் போய், மறுவாரமும் போய், அந்த மாதமே போய்விட்டது.

கடைசியில் ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஆத்தாடி, என்ன சத்தம்! வாங்கின புதிதில்கூட அப்படி ஓடவில்லை. புகையே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மெக்கானிக், "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் வெரட்டக்கூடாது. மெதுவா ஓட்டிப் பழக்கணும். லோடு ஏத்தாதீங்க" என்றார்.

"பிள்ளைக லோடாய்யா?"

"அம்புட்டுப் பேரும் ஏறுனா லோடுதான்க்கா."

அதனால் வெறும் வண்டியை ஓட்டினேன். வில்லாபுரத்திலிருந்து கிளம்பி, நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போய்த் திரும்புவேன். வேகம் நாற்பதைத் தாண்ட விட மாட்டேன். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், ஷேர் ஆட்டோக்காரன்கூட என்னை முந்திக்கொண்டு திட்டிவிட்டுப் போவான். நான் ஓரமாகவே போனேன். பின்சீட்டு முழுக்கக் காலி. பிள்ளைகள் ஏறினால் வண்டி குலுங்கக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

ஆயிரம் முடிந்ததும் குரூப்பில் எழுதினேன்: திங்கட்கிழமை முதல் நானே வருகிறேன். எல்லாரும் பார்த்தார்கள், டிக் நீலமானது. ஒருத்தரும் பதில் போடவில்லை. ராத்திரி ஒரு பிள்ளையின் அம்மா மட்டும் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இன்ஜின் இறக்குன வண்டி எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதாமே. புள்ளைக சமாச்சாரம் பாருங்க. உங்க கொழுந்தனாரு வேற குரூப் போட்டுட்டாரு, எல்லாரும் அதுலதான் இருக்கோம்."

அப்போதே அவனைப் போனில் கூப்பிட்டேன். "ஏண்டா, உன்ன வீடு வீடாக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனவ நானு. எனக்கே குழி பறிச்சுட்டியே?"

"நான் யாரையும் கூப்பிடல மதினி. இன்ஜின் இறக்குன வண்டி நடுரோட்டுல நிக்குமா நிக்காதான்னு அவுகளாத்தான் கேட்டாக. நிக்காதுன்னு நான் எப்படி எழுதிக் குடுக்க முடியும்?"

வீட்டுக்காரர் போனை வாங்கி வைத்துவிட்டு, "சொந்தத்துக்குள்ள சண்ட எதுக்கு" என்றார். அவருக்குச் சொந்தம் பெரிது. அந்தக் கிரீஸ் அப்பிய இன்ஜினை மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை போயிருந்தால், ஒரு பிள்ளைகூட என்னை விட்டுப் போயிருக்காது. யாருக்காகப் பயந்து பயந்து இத்தனையும் செய்தேனோ, அவர்கள் வீட்டிலேயே என் வாயில் மண்ணைப் போட்டார்கள். இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வேறு பிள்ளைகளுக்கு அலைந்தேன். வருஷத்தின் நடுவில் யார் வேன் மாற்றுவார்கள்? வண்டி வாசலில் நின்றது. துணி போட்டு மூடி வைத்தேன்.

பள்ளிக்கூடம் புது வகுப்புக்குத் திறக்கிற சமயத்தில் அவன் வீட்டுக்கு வந்தான், கையில் பழப் பையோடு. "பிள்ளைக சேந்துபோச்சு மதினி, ஒரு வண்டி பத்தல. உங்க வண்டி சும்மாத்தான நிக்குது? வில்லாபுரத்துப் பிள்ளைகள நீங்களே ஓட்டுங்க. மாசச் சம்பளம், வண்டிக்கு வாடக தனியாத் தந்துர்றேன்."

"இப்ப நடுரோட்டுல நிக்காதா என் வண்டி?"

"நல்லா வேலை பாத்த வண்டின்னு நான் சொல்லிக்கிறேன். நான் சொன்னா கேப்பாக."

பழப் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். தெருவே கேட்டது. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்தது. பிறகு என் மகளுக்குப் பீஸ் கட்டுகிற நாள் வந்தது. நானே அவனுக்குப் போன் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவன் ஆள் வந்து என் வண்டியின் பின்கண்ணாடியில் அவன் பெயரையும் நம்பரையும் ஒட்டிவிட்டுப் போனான். முதல் வீட்டின் முன் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அந்த வீட்டுச் சின்னவள், எப்போதும் முன்சீட்டில் உட்காருகிறவள், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஏறும்போது கேட்டாள்.

"ஆன்ட்டி, மாமா உங்களுக்கும் ஒரு வண்டி குடுத்துட்டாரா?"

"ஆமா, ஏறு" என்றேன்.