முந்திக்கொண்ட வேட்டு

பூண்டும் வெந்தயமும் பட்டையும் சேர்ந்து கொதிக்கும் நோன்புக் கஞ்சியின் வாசனை அடுப்படியிலிருந்து கிளம்பிவிட்டால், கள்ளக்குறிச்சிக்கு வெளியே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவிலிருந்த எங்கள் மதரசா விடுதியில் ஒருவனுக்கும் ஓதுவதில் மனம் நிற்காது. கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, டவுன் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் போடும் "வேட்டு"க்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் அவ்வளவு தூரம் எட்டாது.

ஒரு நாள் வேட்டு சற்று முந்திக்கொண்டது. பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்து, பாதிக் கஞ்சியும் உள்ளே போன பிறகு இன்னொரு வேட்டு கேட்டது. முதலில் கேட்டது பக்கத்து மாரியம்மன் கோயிலில் சாமி புறப்பாட்டுக்குப் போட்டது. பகலெல்லாம் நாக்கு வறளக் காத்த நோன்பு அத்தனை பேருக்கும் முறிந்துபோனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேணும்னே வுட்டானுங்கடா, வாங்க, இன்னான்னு கேட்டுட்டு வரலாம்" என்று பெரிய பையன் காதர் கைலியை மடித்துக் கட்டினான். எனக்கோ வேறு பயம். கோயிலாரோடு தகராறு என்று, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அத்தா காதில் விழுந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து என்னைக் கூட்டிப் போய்விடுவார். படிப்பும் அதோடு போகும்.

எங்கள் விடுதியில் எதுவானாலும் "மஜ்லிஸ்" கூட்டிப் பேசி, கை தூக்கித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆசிரியரான அஜ்ரத் மூலையில் உட்கார்ந்து கேட்பதோடு சரி. அன்றும் தொழுகை முடிந்து கூடினோம். காதர் முழங்கினான். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்த யூசுப், அதிகம் பேசாதவன், எழுந்து, "நம்ம நேரம் அவங்களுக்கு இன்னா தெரியும்? யாராச்சும் போய்ச் சொன்னமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். சண்டைக்குப் போகவேண்டாம், சொல்லிவிட்டு வரலாம் என்று கைகள் உயர்ந்தன. அஜ்ரத் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "போன நோன்புக்கு ஈடா பின்னாடி ஒரு நோன்பு வச்சிக்கலாம். சண்டைக்கு அப்படி ஈடு கெடையாது." சொல்லிவிட்டு, யூசுபோடு காதரையே அனுப்பிவைத்தார்.

அவர்கள் திரும்பும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. வந்தபோது காதரின் கைலி கணுக்கால்வரை இறங்கியிருந்தது. "அடடா, பசங்க நோன்ப கெடுத்துட்டமே, மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி" என்று கோயில் பெரியவர் நொந்துகொண்டாராம். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து திருவிழா முடியும்வரை கோயில் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து, "கஞ்சி குடிச்சிட்டீங்களா? வேட்டு வுட்டுக்கவா?" என்று கேட்பார். "உம், வுட்டுக்குங்க" என்று கலெக்டர் தோரணையில் உத்தரவு கொடுப்பவன் காதர்தான்.

கரும்புக் கொல்லைகள் இப்போது வீட்டு மனைகளாகிவிட்டன. நோன்பு திறக்கும் நேரத்தைச் செல்போனே சொல்வதால் டவுனில் வேட்டுப் போடுவதும் நின்றுவிட்டது. போன ரம்ஜானில் அந்தப் பக்கம் போயிருந்தேன். மாரியம்மன் ஊர்வலம் மேளதாளத்தோடு விடுதியை நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய பயத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. விடுதி ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியதும் மேளக்காரர்கள் தாங்களாகவே குச்சியை இறக்கினார்கள். முடிந்ததும் மறுபடி அடித்தார்கள். யாரும் போய்ச் சொல்லவேண்டியிருக்கவில்லை.