ரசமட்டம் வைத்துப் பார்த்த முதுகு

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், என் அத்தான் சட்டையில்லாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அக்கா அவருடைய தோள்களுக்குக் குறுக்கே ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு," என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. என் பெட்டியை டாக்ஸி டிரைவர்தான் தூக்கினார்.

அத்தானுக்கு வயது நாற்பத்தாறு. தரைக்கு டைல்ஸ் பதிப்பது தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களை விசாரிக்கும் முன் தரையை விசாரிப்பார். பதித்த ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். அடியில் காற்று இருந்தால் பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பார். பரவாயில்லை என்று வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்க மாட்டார். "நீங்க விட்டாலும் தரை விடாது சார்," என்பார்.

அந்த மனிதரைத்தான் ஒரு வாக்கியம் சாய்த்தது. முதுகு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் யாரோ ஒருவர் போகிற போக்கில் சொன்னது: "எலும்பு தேஞ்சிருக்கு, பார்த்து இருங்க. நொறுங்கிடப் போகுது." பிறகு பார்த்த இரண்டு டாக்டர்கள், அந்த வயதுக்கு அது சாதாரணம்தான் என்றார்கள். அது அவர் காதில் ஏறவில்லை. நொறுங்கும் என்பது மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. குனியும்போது, தும்மும்போது, செருப்பு மாட்டும்போதெல்லாம் அதன் சத்தம் அவருக்குக் கேட்டது. தினமும் காலையில் ரசமட்டம் வைக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, அக்கா துணி மடித்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். அவள் பக்கத்தில் வந்தாலே அவர் மனசு முதலில் முதுகெலும்பைத் தொட்டுப் பார்க்குமாம். அந்தக் கணமே உடம்பு அணைந்துவிடுமாம். இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாவது முறைக்கு முதுகு தேவைப்படவில்லை, போன முறை ஆனதை நினைத்த பயமே போதுமானதாக இருந்தது. கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனவர் மூன்று வருடம் அங்கேயே படுத்தார். தன்னை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றே அக்கா நினைத்திருக்கிறாள். அவரோ, தான் ஆம்பளையே இல்லை என்று நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனார்கள். அத்தான் ரசமட்டத்தைத் துண்டில் சுற்றி, சாட்சி போல எடுத்துப்போனார். அந்த அம்மா அதை அவர் தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். குமிழி வலது பக்கம் ஓடியது. சீட்டு கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்; அவளுக்கு இடது. வெளியே காத்திருந்த தபால்காரருக்கு அதைவிட மோசம்.

"நாங்க மூணு பேரும் நொறுங்கியா போயிட்டோம்?" என்று கேட்டார் டாக்டரம்மா. "உங்க வலி பொய்னு சொல்லல. வலி நிஜம். நொறுங்கிடும்னு நெனைச்சு நெனைச்சு உடம்பு இறுகிக்கிட்டே இருக்கு. அதுல வலி இன்னும் ஏறுது."

அத்தான் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். தரையைப் பார்த்தபடி இன்னொன்றையும் சொன்னார். டாக்டரம்மா ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை. அதன்பிறகு ஒரு உத்தரவு வந்தது. பக்கத்தில் படுக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்குமேல் எதற்கும் முயற்சி செய்யக் கூடாது.

"ஒண்ணும் செய்யக் கூடாதாம். கண்டிப்பா சொல்லிட்டாங்க," என்றார் அத்தான், வீட்டுக்கு வரும் வழியில்.

"அதத்தானே மூணு வருஷமா செய்யுறீங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, தெருவிலேயே நின்று சிரித்திருக்கிறாள். அவரும் சிரித்தாராம். ஐந்தாவது வாரம் அவர் அந்த உத்தரவை மீறிவிட்டார் என்று சொல்லும்போது மட்டும், ஏற்கெனவே மடித்திருந்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

வலி அடியோடு போய்விடவில்லை. அதிக நேரம் முட்டி போட்டால் வரும். "வந்துட்டியா, உக்காரு," என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்த டைலை எடுப்பார்.

ஆனால் நான் அவரை நினைத்து நெஞ்சை நிமிர்த்துவது வேறு ஒன்றுக்காக. ஒருநாள் அவர் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, வேலை நடக்கும் கட்டிடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பெயின்டர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். நான் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது தெரியாமல், அத்தான் நாலு பேர் நடுவில் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு முதுகு மட்டும் போகலடா. வீட்டுலயும் முடியாமப் போச்சு. ரெண்டையும் புடிச்சு வெச்சிருந்தது ஒரே பயம்தான்."

பெயின்டர் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "இப்ப மட்டம் சரியாயிடுச்சா அண்ணே?" என்றார். கட்டிடமே சிரித்தது. அன்றிலிருந்து அங்கே அவருக்குக் 'குமிழி அண்ணன்' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். "கேட்டுட்டியா ஊர்சுத்தி? சரி, என்னைப் பத்தி எழுதுறேன்னு சொன்னியே, இதையும் சேர்த்து எழுது."

எட்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் ஒரு செய்தி வந்தது. பெயின்டர்தான். "அண்ணே அந்த டாக்டரம்மா நம்பர் குடுங்க. முதுகுக்குத்தான்."

அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டி, கட்டைவிரலால் எண்ணை அனுப்பினார். அதன் கீழே, "நானும் முதுகுன்னுதான் போனேன். வேணும்னா கூட வரேன்" என்று அடித்தார். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தார். அந்த வரிக்குத் திரும்பப் போய், 'வேணும்னா' என்பதை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.