ராத்தா செய்த ரேடியோ

பேத்தி ஏதோ மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஈயம் பற்றவைக்கிறாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், எங்கள் ஊர் பாலாவியில் இன்று இல்லாத எங்கள் உப்புக் கொட்டிலுக்குள் போய்விடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட என் அக்கா, ராத்தா, வாப்பாவுக்குத் தெரியாமல் அங்கேதான் ரேடியோ செய்தாள். உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்புகளைச் சுரண்டி, மறுபடி பற்றவைத்து, மெழுகு பூசி, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாள்.

“உப்புக் கையோட தொடாத!” என்று ஒருநாள் என்னை விரட்டினாள். அந்தக் கோபத்தில் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எல்லாவற்றையும் உப்புப் பாத்தியில் எறிந்தார்.

“வாப்பாக்கிட்ட சொன்னது நீயா தம்பி?”

“வல்லாஹி, நானில்ல ராத்தா” என்று ஆணையிட்டேன்.

“அழாத. நீ சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்.”

ராத்தா மௌத்தாகும்வரை, கடைசி மூச்சுவரை, அப்படியே நம்பினாள். நானும் நம்பவிட்டேன்.