உறைந்து முடியாத ஐஸ்

ராஜாமணி முந்தின நாள் பிற்பகலில் இறந்தாள். மகள் தென்றல் விசாகப்பட்டினத்தில் ஓர் உர ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஆலைக்கு போன் போயிற்று. ரயில் ஏறிவிட்டாள் என்று பதில் வந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் வடக்குப்பட்டுக்கு வந்துவிடுவாள்.

அது 1991, சித்திரை மாதம். வெயிலை நினைத்து, உடலை அதுவரை வைத்திருக்க ஊர்க்காரர்கள் தயங்கினார்கள்.

"ஐஸ் நிக்கற வரைக்கும் பாக்கலாம் நாகப்பா. ஐஸ் தீந்துட்சின்னா எடுத்துடணும், இன்னா சொல்ற?" என்றார் ஊர்ப் பெரியவர்.

ராஜாமணியின் கணவர் நாகப்பன் தலையாட்டினார். மனைவியைத் தவிர அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருள் ஐஸ்தான்.

மறைமலை நகர்ப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் அவர் பாதி ஆயுளைக் கழித்திருந்தார். அங்கே பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அம்மோனியாக் குழாய்கள் அதைக் குளிரவைக்கும். அந்தக் குளிரிலும் அது உறையாது. அதற்குள் இறக்கிவைத்த தகர டப்பாக்களில் இருக்கும் நல்ல தண்ணீர்தான் உறையும், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவை நோக்கி. எது எதோடு கலக்கும், எது விலகி நிற்கும் என்று பார்த்துக்கொண்டே அவருக்குத் தலை நரைத்தது.

அம்மோனியா நெடியோடு வேலை முடிந்து வந்தால் ராஜாமணி மூக்கைப் பொத்திக்கொள்வாள். "மாட்டுக் கொட்டாய்ல படுத்துக்கினு வந்தியா? சோப்பு அங்க கீது, போ."

தென்றல் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐஸ் உருகினால் தண்ணீர், மறுபடி ஐஸாக்கலாம், அது பௌதிக மாற்றம். கட்டை எரிந்தால் சாம்பல், திருப்ப முடியாது, அது வேதி மாற்றம்.

"அரிசி சோறாவறது?" என்று அடுப்படியிலிருந்து ராஜாமணி கேட்டாள்.

"அதுவும் திருப்ப முடியாதும்மா."

"அப்போ வேதியெல்லாம் என் அடுப்புலதான் நடக்குது. உங்கப்பன் பண்றது சும்மா வெளையாட்டு."

நாகப்பன் சிரித்தார்.

இப்போது அவளைப் படுக்க வைத்திருந்த பெஞ்சின் அடியிலும் இருபுறமும் ஐஸ் பார்களை அவரே அடுக்கியிருந்தார். மேலே உமி, அதன்மேல் கோணி. கணக்குப்படி தாராளமாக மாலை வரை நிற்கும். நடுப்பகலில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கோணி விலகிக் கிடந்தது. ராஜாமணியின் தம்பி பலராமன் காலி மூட்டையை உதறிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ண?"

"கல்லுப்பு மாமா. உங்க ஃபேக்டரில மூட்ட மூட்டயா போடறீங்களே, நான் டெம்போல எறக்கிக் கீறேனே. அக்கா நல்லா சில்லுனு இருக்கட்டும்னு…"

அவன் சொன்னதில் பாதி சரி. நாகப்பன் ஐஸைத் தொட்டார். விரல் சுட்டது போல் இருந்தது. உப்பு பட்ட ஐஸ் முன்னைவிடக் குளிரும். ஆனால் உருகித்தான் அப்படிக் குளிரும். ஃபேக்டரியில் உப்பு தொட்டித் தண்ணீரில் கரைந்திருக்கும், சூட்டை வெளியேற்ற இயந்திரம் ஓடும். இங்கே இயந்திரம் இல்லை. ஐஸ் சடசடவென்று வெடித்தது. வாசல்வரை உப்பு நீர் ஓடியது. வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். மிஞ்சியது ஓட்டை விழுந்த துண்டுகள்.

"தாங்குமா நாகப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் பக்கத்தில் அவர் உட்கார இன்று ஒருநாள்தான் இருந்தது. அவர் ராஜாமணியை ஒருமுறை பார்த்தார். பிறகு பலராமனிடம், "வண்டிய எடு" என்றார்.

ஃபேக்டரியில் தொட்டியடியில் கோபால் நின்றிருந்தான். சாவுச் செய்தி தெரிந்தவன். கையைப் பிசைந்தான்.

"நேத்து கரண்ட் இல்லண்ணே. இருந்ததெல்லாம் கல்யாண முகூர்த்தத்துக்குப் பூட்ச்சு. தொட்டில கீறது ஒண்ணும் முழுசா உறையல, நடுவுல தண்ணிதான்."

"குடு."

"வழில ஒடஞ்சிடும்ணே."

"குடு கோபால்."

டெம்போவின் பின்பக்கம், கோணி சுற்றிய பாரை அணைத்தபடி நாகப்பன் உட்கார்ந்தார். ஒரகடம் சாலையில் ஆளில்லை. வெயிலில் தூரத்து ஏரி தரையைவிட்டு எழுந்து மிதந்தது. கோணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். கண்ணாடி போல் தெளிந்த சுவர். மேலே பாலேடு போல் மெல்லிய படலம். நடுவே இருட்டாகத் தண்ணீர். அதில் ஒரே ஒரு காற்றுக் குமிழி. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது மெதுவாக நடந்து, நின்று, மறுபடி நடந்தது. இதைக் கெட்டி என்பதா, நீர் என்பதா? எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது? உற்றுப் பார்த்தார். கோடு ஒன்றும் தெரியவில்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், ராஜாமணியின் கையைப் பிடித்தபடி. கை வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. எந்த நொடியில் அவள் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மாமா," என்று முன்னாலிருந்து பலராமன் கூப்பிட்டான். "நான் கெடுத்துட்டனா?"

"பள்ளம் பாத்து ஓட்டு."

இறக்கும்போது மேல் படலம் உடைந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. சுவர்கள் நின்றன. பெஞ்சின் தலைமாட்டில் வைத்து உமியை அழுத்திக் கோணியைப் போர்த்தினார். யாரும் எடுக்கலாம் என்று சொல்லவில்லை. அவர் ஐஸைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வேப்பமர நிழல் வாசலைத் தாண்டியபோது தென்றல் பையுடன் தெருமுனையில் திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுக்கவே இல்லை. முகம் அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் துளித்துளியாக நீர்.

"ராஜாமணிக்கு வேர்த்துக் கீது பாரு," என்று ஒரு பெண் அழுதாள்.

காற்றின் ஈரம்தான் குளிர்ந்து படிந்திருக்கிறது. தென்றலுக்கும் அது தெரியும், நாகப்பனுக்கும் தெரியும். தென்றல் முந்தானையால் வியர்வையைத் துடைப்பது போலவே துடைத்தாள்.

"எடுக்கலாமா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். நாகப்பன் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையசைத்தாள்.

பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நாகப்பன் குனிந்து கோணியை இழுத்தெடுத்தார். உமியைக் கையால் ஒதுக்கினார். சாய்ந்த வெயில் நேராக ஐஸ் மேல் விழுந்தது. அவர் அதை மறைக்கவில்லை.